எதிரியின் மய்யித்து

அமலாவின் போன் வந்தபோது ஷேக் மஸ்தான் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரம்மதேசம் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் காலையில்தான் ஏற்றி வந்திருந்தார். ரத்தம் தரையின் இடுக்குகளில் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பாய், ஐயா போயிட்டாருங்க," என்றாள் அமலா. "முண்டியம்பாக்கத்துல ஐஸ்ல வச்சிருக்காங்க. பேப்பர் எல்லாம் இன்னிக்குத்தான் வந்துது. நீங்களே வந்து எடுத்தாந்துடுங்க பாய். வேற யாரையும் எனக்குத் தெரியாது."

மஸ்தானுக்கு ஆளை நினைவிருந்தது. கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்த வெள்ளைக்காரர். எழுபதைத் தாண்டியவர். அமலா அவரோடு இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ். அதே ஊர்க்காரி, கிறிஸ்தவப் பெண். போன வாரம் நெஞ்சு வலி என்று அவள் கூப்பிட்டபோது மஸ்தான்தான் அவரை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சைரன் போட்டுப் பறந்துகொண்டிருந்த வண்டிக்குள் கிழவர், மெதுவாகப் போங்கள், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன் என்று தமிழில் சொன்னார். அந்த நிலைமையிலும் மஸ்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டிச்சேரிப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் போல இவரும் பிரான்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வண்டி திண்டிவனத்தில் ஒரு பள்ளிவாசல் ஜமாத்துக்குச் சொந்தமானது. யார் கூப்பிட்டாலும் போகும். சாதி, மதம் கேட்கக் கூடாது என்று ஜமாத்தே விதி வைத்திருந்தது. மஸ்தான் அதை ஓட்ட ஆரம்பித்தபோது தாடி கறுப்பாக இருந்தது. இப்போது முழுக்க நரைத்துவிட்டது. முதுகு வலி போவதும் வருவதுமாக இருந்தது போய், வந்த வலி தங்கிவிட்டது. அதையெல்லாம்விட இந்த இரண்டு வருடத்தில் வேறு ஒரு அசதி அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போனைத் திறந்தால் காஸா. வெள்ளைத் துணி சுற்றிய சின்னச் சின்ன மூட்டைகள். ஆரம்பத்தில் பார்த்து அழுதார். கண்டன ஊர்வலத்தில் வண்டியோடு போய் நின்றார். கொஞ்ச நாளில் அழுகை வராமல் போனது. அப்புறம் பார்ப்பதையே விட்டார். பார்க்காமல் இருக்கிறோமே என்ற உறுத்தல் மட்டும் மிச்சம் இருந்தது. இப்போது ஜூன் மாதத்தில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் வேறு சண்டை மூண்டு, டீக்கடையில் எந்நேரமும் அதே பேச்சாகிவிட்டது.

ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் அமலா ஒரு பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் தூதரகத்திலிருந்து வந்த தாளைப் பார்த்து, கையெழுத்து வாங்குவதற்காகப் படித்தார். பெயர் யோராம். நாடு இஸ்ரேல்.

மஸ்தான் பேனாவைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார்.

"இஸ்ரேலா?" என்று அமலாவைக் கேட்டார்.

"ஆமா பாய். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? மிலிட்டரியில இருந்தவரா?"

அமலா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் நாட்டில் எல்லாரும் கொஞ்ச காலம் இருந்தே ஆகவேண்டுமாம் என்றாள். லெபனான் சண்டையில் இருந்தாராம், நாற்பது வருடத்துக்கு முன்னால். பீரங்கிப் படையில்.

"ஆளுங்கள கொன்னிருக்காரா?"

"நானும் ஒருநாள் கேட்டேன் பாய். தெரியலன்னு சொன்னாரு. பீரங்கியில இருக்கறவனுக்கு குண்டு எங்க விழுதுன்னு தெரியாதாம். நம்பர் சொல்வாங்களாம், திருப்பி வச்சி சுடணுமாம். எங்க விழுந்துதுன்னு தெரியாததாலதான் எனக்குத் தூக்கமே இல்லன்னு சொல்வாரு."

மஸ்தான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு புங்க மரம். அதன் கீழே நின்று பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். ஜும்மா தொழ வைக்கிறவர் அவர். மஸ்தானைவிட வயதில் சிறியவர், ஆனால் ஓதிய மனிதர். காஸா போர் தொடங்கிய புதிதில் அவர் ஜும்மா பிரசங்கமான பயானில் ஒரு விஷயம் சொல்லி வம்பில் மாட்டியிருந்தார். போருக்குப் போகிற படைக்கு முதல் கலீபா இட்ட கட்டளைகளை அவர் வரிசையாக எடுத்துச் சொன்னார். பெண்களைக் கொல்லாதே, குழந்தைகளைக் கொல்லாதே, கிழவர்களைக் கொல்லாதே, காய்க்கிற மரத்தை வெட்டாதே, மடத்தில் இருக்கிற துறவிகளைத் தொடாதே. சொல்லிவிட்டு, இந்தச் சட்டத்தின்படி பார்த்தால் அக்டோபர் மாதம் இஸ்ரேலுக்குள் புகுந்து நம் பேரைச் சொல்லிச் செய்ததும் ஹராம்தான், அதற்குப் பிறகு அவர்கள் செய்துகொண்டிருப்பதும் அக்கிரமம்தான் என்றார். இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். ஜமாத் செயலாளர் ரஹ்மத்துல்லா ரொம்ப நாள் ஹஜ்ரத்தோடு பேசவில்லை.

மஸ்தான் விஷயத்தைச் சொன்னதும் ஹஜ்ரத் உடனே பதில் சொன்னார். நபியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஜனாஸா, பிரேத ஊர்வலம், போனது. எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் ஒரு உயிர் இல்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள்.

"அது எனக்கும் தெரியும் ஹஜ்ரத். சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். அந்த ஜனாஸா பீரங்கி சுட்டுதா?"



"நமக்கு எதிரா கத்தி எடுத்துக்கினு வந்து களத்துல செத்தவனையே சிதைக்கக் கூடாதுன்னு தடுத்திருக்காங்க மஸ்தான் பாய்," என்றார் ஹஜ்ரத். "பத்ரு களத்துல எதிரிங்க மய்யித்த நரிக்கும் கழுகுக்கும் போட்டுட்டு வரல. எடுத்து மூடிட்டுத்தான் வந்தாங்க."

"அவங்க எந்தச் சட்டத்தப் பாக்கறாங்க?"

"நம்ம சட்டம் அவங்களப் பாத்து வந்தது இல்லியே." ஹஜ்ரத் பெருமூச்சு விட்டது கேட்டது. "சட்டம் இதுதான். உங்க மனசுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. என் மனசுக்கே முடியல. தொழ வைக்கறப்ப சலாம் கொடுத்துத் திரும்பினா ஒவ்வொரு முகமும் என்னயே கேக்கற மாதிரி இருக்குது."

மஸ்தான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது, அவ்வளவுதான் என்று தனக்குள் தீர்மானம் செய்துகொண்டார். இறக்கியதும் திரும்பிவிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் வெயில் தகித்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அமலா முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்காமலே பேசிக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது.

யோராம் இந்தப் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்த, உள்ளூர் விவசாயி துரைக்கண்ணுவின் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. தீபாவளிக்கு வெடிச் சத்தம் ஆரம்பித்தால் மட்டும் வீட்டை விட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். ஒரே மகள் தாமார், அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகன். அந்தப் பேரன்மேல் கிழவருக்கு உயிர். காஸாவுக்குப் போகச் சொல்லி அவனைக் கூப்பிட்டபோது கிழவர் போனில் அவனிடம், போகாதே என்றார்.

"மோசே காலத்துச் சட்டமாம் பாய். சண்டைக்கு நிக்கறப்ப அதிகாரி கேக்கணுமாம், பயமா இருக்கறவன் யாரு, அவன் ஊட்டுக்குத் திரும்பிப் போவட்டும்னு. எங்க வேதத்துலயும் அது இருக்குதுன்னு எனக்கு எடுத்துக் காட்டினாரு. அதத்தான் பேரங்கிட்ட சொன்னாரு. உனக்குப் பயமா இருக்குது, எனக்குத் தெரியும், ஊட்டுக்குப் போன்னு."

"அவன் இன்னா சொன்னான்?"

"அவனும் படிச்ச பையனாம். அந்தச் சட்டம் நாமா தேடிப் போற சண்டைக்குத்தான், நம்ம மேல வந்த சண்டைக்கு இல்ல, அதுக்குக் கல்யாண மாப்பிள்ளகூட எழுந்து போவணும்னு சொன்னான். மகளும் அவன் பக்கம் பேசிச்சு. அதுலேர்ந்து மகளும் இவரும் பேச்சு வார்த்த இல்ல. ஆஸ்பத்திரியில சேத்தப்புறம்தான் திரும்பவும் பேசினாங்க. அதுக்குள்ள அங்க ஏரோப்ளேன் எல்லாம் நின்னு போச்சு. வர வழியே இல்ல."

மஸ்தான் முன்னால் போன லாரியை முந்தினார். மூன்று மதத்துக்கும் சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு சந்து இருக்கிறது, துப்பாக்கி எடுத்தவன் அந்தச் சந்து வழியாகச் சரியாக நுழைந்து வந்துவிடுகிறான் என்று தோன்றியது. அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

மயிலம் தாண்டும்போது தாமார் போனில் வந்தாள். அமலா இங்கிலீஷில் பேசினாள். பேசப் பேச அவள் குரல் இறங்கியது. வைத்துவிட்டு, குளிப்பாட்டுவது யார் என்று கேட்கிறாள் என்றாள். அவர்கள் முறைப்படி பிரேதத்தைச் சுத்தமாகக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பெட்டி இல்லாமல் மண்ணோடு மண்ணாக வைக்க வேண்டுமாம். ஆணை ஆண்தான் குளிப்பாட்ட வேண்டுமாம். யாரும் இல்லை, நானே செய்துவிடுகிறேன் என்று அமலா அவளிடம் சொல்லிவிட்டாளாம்.

"நாந்தான தெனமும் குளிப்பாட்டுவேன். இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பெட்டி இல்லாமல். மஸ்தான் தன் கையால் எத்தனையோ மய்யித்துகளை அப்படித்தான் அனுப்பி வைத்திருக்கிறார். தன் வாப்பாவை, தம்பியை, கொரோனா காலத்தில் யாரும் கிட்டே போகாத எத்தனையோ பேரை. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பாண்டிச்சேரி சாலைக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவர் திரும்பவில்லை. ஊருக்குள் விட்டார். எங்கே போகிறோம் என்று அமலா கேட்டாள். துணி எடுக்க வேண்டும் என்றார்.

பள்ளிவாசல் வாசலில் செயலாளர் ரஹ்மத்துல்லா நின்றிருந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். வெள்ளத்தின்போது கடையைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகச் சோறு கொண்டுபோனவர். அவருக்கு விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். குளிப்பாட்டும் பலகையும் மய்யித்துக்குச் சுற்றும் கஃபன் துணியும் வேண்டும் என்று மஸ்தான் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது.

அந்தத் துணி மூமின்களுக்காக, நம் மார்க்கத்து மய்யித்துகளுக்காக, ஜனங்கள் கொடுத்தது, அதை இதற்குத் தர எனக்கு உரிமை இல்லை என்றார். அதுகூடப் பரவாயில்லை, இந்த வண்டியில் அந்த ஆளை எப்படி ஏற்றினாய் என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மஸ்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசமா நாம கெஞ்சிக்கினு இருக்கறது இன்னாத்துக்கு மஸ்தான்? ஆம்புலன்ஸ விடுங்க, ஆம்புலன்ஸ விடுங்கன்னுதான. அவங்க ஆம்புலன்ஸயே அடிக்கறாங்க. உள்ள இருக்கற டிரைவரச் சேத்து அடிக்கறாங்க. உன்ன மாதிரி டிரைவருங்க. அத நெனச்சுப் பாத்தியா நீ?"

"பாத்தேன் பாய். அதனாலதான் ஏத்தினேன். யாரு உள்ள இருக்கறதுன்னு கேட்டு நிறுத்தறது தப்புன்னு நாமதான சொல்றோம்."

"அவன் சுட்டவன்."

"நாப்பது வருசம் ஆச்சு. இப்ப அவரு சுட மாட்டாரு பாய்."

ரஹ்மத்துல்லாவின் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரியும், சட்டம் எனக்கும் தெரியும், ஆனால் என்னால் முடியவில்லை, என் கையால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்றார். மஸ்தான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. சரி பாய் என்று சொல்லிவிட்டு நேரு வீதியில் ஒரு துணிக்கடைக்குப் போய்த் தைக்காத வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு வந்தார். பள்ளிவாசல் வாசலில் இரண்டு வாலிபர்கள் போனில் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளியனூர் தாண்டி அந்தச் சின்ன ஊருக்குள் நுழையும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மல்லாட்டைக் கடலைக் காட்டுக்கு நடுவில் தேவாலயம். பங்குச் சாமியார் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரும்படி அமலா கேட்டிருந்ததால், அங்கேயும் காலையிலிருந்து பஞ்சாயத்து நடந்து ஓய்ந்திருந்தது. ஞானஸ்நானம் வாங்காதவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கக் கூடாது என்று பங்குப் பேரவையில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். யுத்தத்தில் இருந்தவராமே என்று ஒருவர் கேட்டாராம். கடைசியில் வேலி ஓரமாக ஒரு துண்டு இடத்துக்குச் சம்மதித்தார்கள்.

சாமியார் மஸ்தானுக்குத் தண்ணீர் கொடுத்தார். ரொம்பச் சோர்ந்துபோன மனிதராகத் தெரிந்தார். ஆரம்ப காலத்தில் எங்கள் ஆட்கள் கத்தியைத் தொட மாட்டோம் என்று சொல்லிச் செத்தார்கள் என்றார். பிறகு ராஜாக்கள் எங்கள் பக்கம் வந்தார்கள், கத்திக்கு மந்திரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

"குருமடத்துல நியாயமான போர்னு ஒரு பாடம் இருந்துது பாய். காரணம் நியாயமா இருக்கணும், வேற வழியே இல்லாம இருக்கணும், ஒரு பாவமும் அறியாதவங்க மேல கை படக் கூடாது. நல்ல பாடந்தான். ஆனா சண்ட போடற ரெண்டு பேரையும் கூப்ட்டுக் கேட்டா ரெண்டு பேருமே அதுல பாஸ்னு சொல்றாங்க."

கோயிலுக்குப் பின்னால், மறைக்கல்வி வகுப்புப் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு, நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்தார்கள். வீட்டுக்காரர் துரைக்கண்ணு வந்து சேர்ந்தார். வயலிலிருந்து நேராக வந்தவர். காலில் சேறு காயவில்லை. எங்கள் வீட்டில் இருந்த மனுஷன், தண்ணீர் நான் ஊற்றுகிறேன் என்றார். அமலா பக்கெட்டுகளை நிரப்பி வைத்துவிட்டு மறைப்புக்கு வெளியே போய் உட்கார்ந்தாள்.

மஸ்தான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். மானத்தை மறைத்து ஒரு துணி போட்டு, வயிற்றை மெதுவாக அழுத்தி, கழுவத் தொடங்கினார். ஐஸில் இருந்த உடம்பு விறைத்திருந்தது. கையை மடக்க நேரம் பிடித்தது. வழக்கமாக அந்த இடத்தில் வாயில் தானாக வருகிற வார்த்தைகள் உதட்டுக்கு வந்தன. இது அந்த மனிதருக்குரிய வார்த்தை இல்லையே என்று நிறுத்தினார். அவருக்குரிய வார்த்தை எதுவென்றும் தெரியவில்லை. பேசாமல் வலது பக்கத்திலிருந்து தண்ணீரை விடச் சொன்னார்.

"அந்தக் காது அவருக்குக் கேக்காது பாய்," என்று வெளியிலிருந்து அமலா சொன்னாள். அவள் பார்க்கவில்லை, தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே முறையைக் கணக்கிட்டிருக்க வேண்டும். "பீரங்கி சத்தத்துல போனதாம். உள்ள தண்ணி போனா வலிக்கும்னு பஞ்சு வச்சுத்தான் குளிப்பாட்டுவேன்."

மஸ்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு பஞ்சு கேட்டு வாங்கி, அந்தக் காதில் வைத்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மனசுக்குள் இரக்கம் சுரந்ததா என்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கை எத்தனை முறை பீரங்கியைத் திருப்பியது, அந்தப் பக்கம் யார் வீடு இருந்தது என்ற கேள்வி அங்கேயே இருந்தது. அதையும் வைத்துக்கொண்டே விரல் விரலாகக் கழுவினார். துரைக்கண்ணு சொம்பு சொம்பாக ஊற்றினார். கடைசியில் துடைத்து, துணியை மூன்று சுற்றாகச் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சுப் போட்டார்கள். சுற்றி முடித்ததும் மஸ்தான் ஒரு கணம் பின்வாங்கி நின்றார். எல்லாரும் சுற்றியபின் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். இரண்டு வருடமாகப் போனில் பார்த்ததும் இதேதான், அளவு மட்டும் சின்னது.

வேலியோரத்துக் குழிக்குப் போனபோதுதான் அந்த இடம் எது என்று அவருக்குப் புரிந்தது. குழிக்கு இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குச் சின்ன மண்மேடுகள், சிலுவை இல்லாமல். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் செத்துப்போன குழந்தைகளை அந்தக் காலத்தில் இங்கேதான் வைப்பார்கள் என்று சாமியார் தாழ்ந்த குரலில் சொன்னார். மஸ்தான் மேடுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தார். துரைக்கண்ணு தோளைப் பிடித்துக்கொண்டார்.

இறக்கி வைத்தபின் அமலா தாமாரை வீடியோவில் கூப்பிட்டாள். படம் நின்று நின்று வந்தது. மாடிப்படி மாதிரி ஓர் இடம். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால், குண்டுக்குப் பயந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும், தலையணையும் கையுமாக நின்றார்கள். அவர்கள் முறைக்குப் பத்து ஆண்கள் கூடி நின்று சொல்ல வேண்டிய பிரார்த்தனையாம். பத்து பேர் இல்லை, நான் தனியாகச் சொல்கிறேன், தேவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்று அவள் சொன்னதை அமலா தமிழில் சொன்னாள். சொல்வதற்கு முன்னால், அப்பாவைக் குளிப்பாட்டியது யார் என்று கேட்டாள். அமலா போனைத் திருப்பினாள்.

தாமார் நன்றி சொன்னாள். பெயர் கேட்டாள்.

"ஷேக் மஸ்தான்," என்றார்.

அவள் கண் ஒரு கணம் அவர் தாடியில் நின்றது. புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது.  மஸ்தானுக்கு அந்த நேரத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. வண்டியில் வரும்போதே ஒவ்வொன்றாகக் கோத்து வைத்திருந்தார். இப்போது அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் அவ்வளவும் வாய்வரை வராமல் உதிர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் நின்றது.

"அமலாம்மா, இத மட்டும் சொல்லு. அவங்க அப்பா பேரங்கிட்ட ஒண்ணு சொன்னாருல்ல, பயமா இருந்தா ஊட்டுக்குப் போன்னு. நான் சொல்றதுக்கும் அதான் இருக்குது. வேற இல்ல."

அமலா தயங்கினாள். பிறகு சொன்னாள். தாமார் போனைச் சுற்றிப் படிக்கட்டைக் காட்டினாள். அவன் என்னைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்கிறான், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பாருங்கள் என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில்; களைப்புதான் இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனையைத் தொடங்கினாள். புரியாத பாஷை, நடுநடுவே ஒன்றிரண்டு சொல் மஸ்தானுக்கு அரபு போலக் காதில் விழுந்தது. பாதி போவதற்குள் சைரன் அலறியது. தலையணைக்காரர்கள் அவளை இடித்துக்கொண்டு கீழே ஓடினார்கள். படம் கூரையைக் காட்டியது, அப்புறம் இருட்டு.

காத்திருந்தார்கள். போன் வரவில்லை. சாமியார் மஸ்தானைப் பார்த்தார். மஸ்தான் துரைக்கண்ணுவைப் பார்த்தார். யாருக்கும் மீதிப் பிரார்த்தனை தெரியாது. மூன்று பேரும் ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள். அமலாவும் போட்டாள்.

படம் எடுத்த வாலிபர்கள் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. மஸ்தான் வீடு வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. வீட்டில் மனைவி ஹபீபா எதுவும் கேட்காமல் சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தாள். மய்யித்து குளிப்பாட்டினவர் குளிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது மட்டும், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கேட்டார்கள், நான் என்ன சொல்வது என்றாள். உண்மையைச் சொல் என்றார். அதுதானே பேஜார் என்றாள் அவள்.

ஜமாத்தில் கூட்டம் போட்டார்கள். ஹஜ்ரத் மஸ்தானுக்காகப் பேசினார். ரஹ்மத்துல்லா பேசவே இல்லை. யார் கூப்பிட்டாலும் போகும் என்று எழுதி வைத்தது நாம்தான் என்று ஒரு பெரியவர் சொன்னார். இன்னொருவர், செத்தவருக்கு வண்டி கொடுத்தது சரி, கழுவினது அதிகம் என்றார். முடிவாக எதுவும் சொல்லாமல், ஊர் கொஞ்சம் ஆறட்டும், சாவியைக் கொடுத்துவிட்டு ஓய்வாக இரு என்றார்கள். மஸ்தான் சாவியை மேசைமேல் வைத்தார். உள்ளுக்குள் ஓரமாக ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஓய்வு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புதிதாகப் போட்ட டிரைவர் வாந்தியும் ரத்தமும் தாங்காமல் நின்றுவிட்டார். ரஹ்மத்துல்லாவே சாவியோடு வீட்டுக்கு வந்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையாம், பார்த்துக்கொள் என்றார். மஸ்தானும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ஈரானோடு சண்டை நின்றுவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். காஸாவில் நிற்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் மதியம், வல்லத்திலிருந்து பிரசவ வலி என்று கூட்டி வந்த பெண்ணைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அவர் வாசலில் நின்றிருந்தபோது அமலா கூப்பிட்டாள். பேரன் அவளோடு பேசினானாம். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றானாம். தாத்தாவின் குழியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அவன் மறுபடியும் காஸாவுக்குள் போய்விட்டு வந்திருக்கிறான். திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"போறானாமா?"

"இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்றான் பாய். ஆனா குரலு போறவன் குரல் மாதிரிதான் இருந்துது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "உங்ககிட்ட பேசணுமாம். தாத்தாவக் கழுவினவர்கிட்ட ஒரு தரம் பேசணும்னு கேக்கறான். நம்பர் கொடுக்கட்டுமா?"

மஸ்தான் போனை மறு காதுக்கு மாற்றினார். அவன் என்ன கேட்பான், தான் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். தாத்தாவைத் தொட்ட கை என்று அவன் நினைக்கலாம். அவன் கை காஸாவுக்குள் போய்விட்டு வந்த கை என்று தான் நினைக்கலாம். அதற்கு மேல் ஓடவில்லை.

"இப்ப வேணாம்மா," என்றார்.

"அப்புறமா?"

"தெரியல. அவன் போவலன்னு தெரிஞ்சா அன்னிக்குச் சொல்லு, பேசறேன். போயிட்டான்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "அப்பவும் சொல்லு. அன்னிக்குப் பாத்துக்கலாம்."

சரி பாய் என்று அமலா வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் மாமியார் ஓடி வந்து, குழந்தை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை என்று சொல்லி அவர் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தாள். மஸ்தான் வாங்கிக்கொண்டு, தாயார் நல்லா இருக்கிறாளா என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சரை எடுத்து மடிப்பதற்காக வண்டியின் பின்பக்கம் போனார்.